யாரைக் கேட்டு மாத்துறீங்க?

எங்கள் நகர்மன்றக் கூட்ட விதியை மறுபடியும் மாற்றப் போகிறார்களாம். சரி, யாரைக் கேட்டு? பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்களாம். அதன் மேல் காதுகுத்து போஸ்டர், அதற்கும் மேல் கண்ணீர் அஞ்சலி! 'ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்' என்ற வரி மட்டும் எறும்பு சைஸில். மக்கள் தங்கள் பகுதியிலேயே கூடிக் கருத்துச் சொல்லத்தான் 2022-லேயே வார்டு கமிட்டி, ஏரியா சபைக்கெல்லாம் அரசு விதி போட்டாச்சு. தன் ஏரியா சபை எதுவென்று எங்கள் தெருவில் யாருக்காவது தெரியுமா?

கூட்டத்திலாவது பேசுகிறார்களா? தீர்மான எண்களைக் கடகடவென்று வாசிப்பது, மேஜையைத் தட்டுவது, அப்புறம் டீ, போண்டா. வேலூர் என்றாலே ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று கிண்டலடிப்பார்களே, வேலூரைத் தலைநகராகக் கொண்ட எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டக் கணக்கில் கேள்வி இல்லாத மன்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த லட்சணத்தில் உறுப்பினர் பேசும் நேரத்தையும் குறைக்கணுமாம். பேசினால்தானே சாமி குறைப்பதற்கு?