கடை மாவு வாங்குகிறவளைப் பழிக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை உறவினர் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அது கடை மாவு என்று தெரிந்ததும் பெரியப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "அந்தக் காலத்தில் வீட்டிலேயே ஆட்டினார்கள். இப்போது பெண்களுக்கு உடம்பு வணங்குவதில்லை" என்றார். தோசை சுட்ட அந்த வீட்டு மருமகள் ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

அவள் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுவதும் நின்றபடியே சேலையை விரித்துக் காட்டி, மடித்து வைக்கிற வேலை. அப்படி நிற்கிறவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை தரவே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இரவு கடை சாத்திய பிறகு பஸ் பிடித்து வருகிறவள் எப்போது உளுந்து ஊறவைத்து, எப்போது ஆட்டி, எப்போது கிரைண்டரைக் கழுவுவாள்?

"அந்தக் காலம்" என்கிறார்களே, அது யாருடைய காலம்? என் பாட்டி வயல் கூலிக்குப் போனவர். அவர் வீட்டில் இட்லி என்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, பழைய சோறு. அந்தக் கூழை ஏழைச் சாப்பாடு என்று முகம் சுளித்த குடும்பங்கள்தான் இன்று அதே கம்பைச் 'சிறுதானியம்' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகின்றன. தினமும் உளுந்து ஆட்டியது நெல்லும் வேலையாளும் இருந்த வீடுகளில். அங்கேயும் குழவியைச் சுற்றிய கை ஆணுடையதல்ல.

2011-இல் அரசு இலவசமாக மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தபோதும் இதே குரலைக் கேட்டேன். "ஜனங்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்" என்றார்கள். சொன்னவர்களின் வீட்டில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சமையலுக்கு ஆள் வைத்திருக்கும் வீட்டை யாரும் சோம்பேறி வீடு என்று சொல்வதில்லை. அது வசதி. தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் மாவு வாங்கினால் மட்டும் குடும்பப் பெண்ணின் லட்சணம் போய்விடுகிறதா?

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 299-இல் கொஞ்சத்தையாவது ஒரு மாவு பாக்கெட் மிச்சப்படுத்துமென்றால் அதை நான் வாழ்த்தி வரவேற்பேன்.

மாவில் சோடா கலக்கிறார்கள், சுத்தமில்லை என்பவர்களின் கவலை எனக்கும் உண்டு. அதைக் கடைக்காரரிடம் கேளுங்கள், உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுங்கள். அடுப்படியில் நிற்கிறவளைக் கேட்காதீர்கள்.

அன்று கிளம்பும்போது பெரியம்மா என்னைத் தனியாக அழைத்தார். நாற்பது ஆண்டுகள் மாவு ஆட்டியவர், இப்போது வலது தோளைத் தூக்க முடியவில்லை. "அந்த மாவு எந்தக் கடையில் வாங்கியது என்று அவளிடம் கேட்டுச் சொல், கண்ணு" என்றார்.