கணக்கு வேண்டாமா?

"கணக்கு வராதவர்கள் தைரியமாக மைக்ரோபயாலஜி எடுக்கலாம், மைக்ரோஸ்கோப் பார்க்கத் தெரிந்தால் போதும்" என்பது தவறான தகவல். முதல் லேப் வகுப்பிலேயே கணக்கு வந்துவிடும். பத்து லட்சம் மடங்கு நீர்த்த மாதிரியில் 0.1 மி.லி. எடுத்து, நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் பரப்புகிறீர்கள், 45 காலனிகள் (ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பெருகிய கூட்டம்) முளைக்கின்றன. அப்படியென்றால் மூல மாதிரியில் ஒரு மி.லி.க்கு எத்தனை பாக்டீரியா? 45 கோடி. இதில் ஒரு சைபர் தவறினால் மொத்த முடிவும் போச்சு.

1977-ல் விஞ்ஞானிகள் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆர்க்கியா என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிர்களைத் தனிப் பிரிவாக அடையாளம் கண்டது ஆர்.என்.ஏ. துணுக்குகளை ஒப்பிட்டுத்தான், மைக்ரோஸ்கோப்பில் அவை பாக்டீரியா போலவே தெரியும். இன்று மரபணு வரிசைத் தரவு மலைபோல் குவிகிறது. சரி, கால்குலஸில் புலியாக வேண்டாம். புள்ளியியலும் கொஞ்சம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் கற்றுக்கொள்ளுங்கள்.