புகையிலை இல்லாத வெற்றிலையும் ஆபத்துதான்
"புகையிலை சேர்க்காமல் வெற்றிலை போட்டால் வாய்ப்புற்று வராது" என்று ஒரு குரல்பதிவு கொழும்பில் எங்கள் சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. புற்று வரப் பாக்கே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, புகையிலை கலக்காத வெற்றிலைக் கூட்டும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்திவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்தின் உட்புறத்தை நார்நாராக இறுக்கிவிடும், அப்புறம் வாய் திறப்பதே கஷ்டம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இப்போது இரண்டு விரல் அகலம்கூட வாய் திறக்காது, சோற்றைக் கரைத்துத்தான் கொடுக்கிறோம், அவர் ஒருநாளும் புகையிலை தொட்டதில்லை. வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் இருந்தால் உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள், நோகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்.