திடீர் விமானிகள் கவனத்திற்கு

டைம்லைன் முழுக்க அதே வீடியோ. ஒரு விமானம் டேக்-ஆஃபுக்கு ஓட ஆரம்பிக்கிறது, மூக்கு இடது பக்கம் இழுக்கிறது, சட்டென்று நேராகிறது, நின்றுவிடுகிறது. கீழே சிரிப்பு எமோஜிகள். 'லைசென்ஸ் எங்கே வாங்கினான்?' 'தண்ணி போட்டிருப்பான்.' நேற்றுவரை பொருளாதார நிபுணர்களாக இருந்தவர்களெல்லாம் இன்று விமானிகள்.

நான் துணை விமானி. விசாரணை முடியாத சம்பவத்தில் யார் மேல் பிழை என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன்: இழுக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். அதுதான் சரி. நிறுத்துவதும் எங்கள் வேலைதான்.

இன்ஜின் விசையைக் கூட்டும் லீவர் இரண்டையும் ஒன்றாகத் தள்ளினால் இன்ஜின் இரண்டும் ஒன்றாக எழும்பிவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? சும்மா ஓடும் நிலையான ஐடிலிலிருந்து எழும்பும்போது ஒன்று சோம்பும், இன்னொன்று முந்தும். பீரோவை இரண்டு பேர் தள்ளும்போது ஒருவர் முந்தினால் அது எந்தப் பக்கம் திரும்பும்? அதேதான். அதனால் முதலில் கொஞ்சமாகத் தள்ளுவோம். இன்ஜின் சுழலும் வேகத்தில் போயிங் 737 என்றால் சுமார் 40 சதவீதம், ஏர்பஸ் ஏ320 என்றால் சுமார் 50. இரண்டும் சமமாக நின்ற பிறகுதான் முழு விசை. பயணிகளுக்கும் இது கேட்கும்: முதலில் ஓர் உறுமல், சின்ன இடைவெளி, அப்புறம் முதுகை சீட்டோடு அழுத்தும் பெரிய சத்தம்.

வேகம் ஏறாதவரை மூக்கைத் திருப்ப வாலில் இருக்கும் ரட்டருக்குப் போதுமான காற்று கிடைக்காது. அந்த நேரத்தில் இழுப்பு பெரிதானால் இரண்டு லீவரையும் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டியதுதான். திரும்பச் சொல்கிறேன், நிறுத்த வேண்டியதுதான்.

'முதலிலேயே பார்த்திருக்கலாமே?' பார்த்திருக்கலாம். பார்த்தும் இருக்கலாம், முழு விசைக்குப் போன பிறகும் ஓர் இன்ஜின் காலை வாரும். அடுத்த கேள்வி.

'எல்லாம் கம்ப்யூட்டர்தானே பார்த்துக்கொள்கிறது?' டேக்-ஆஃபுக்கு ஓடும்போது எங்களுக்கு ஆட்டோபைலட் கிடையாது, நேராக ஓட்டுவது கால்கள். கம்ப்யூட்டரை நம்பிய கதையும் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஜகார்த்தாவிலிருந்து ஏறிய ஸ்ரீவிஜயா ஏர் 737-இல் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் கருவி இடது லீவரை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோனது. வலது அப்படியே நின்றது. யாரும் நேரத்தில் கவனிக்கவில்லை. 62 உயிர்கள். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015 பிப்ரவரியில் தைபேயில் விழுந்த டிரான்ஸ் ஏசியா 235. டேக்-ஆஃப் ஆன ஒரு நிமிடத்துக்குள் வலது இன்ஜினின் விசை போயிற்று. அணைக்கப்பட்டதோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜின். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். அதற்கும் யாராவது சிரிப்பு எமோஜி போட்டிருப்பார்கள்.

வி-ஒன் என்று ஒரு வேகம் உண்டு. அதுவரை நிறுத்தலாம். அதைத் தாண்டினால் கேப்டன் கையை லீவரிலிருந்து எடுத்துவிடுவார். அப்புறம் ஓர் இன்ஜின் செத்தாலும் மிச்சமிருக்கும் ஒற்றை இன்ஜினோடு ஏறியாக வேண்டும். சிமுலேட்டரில் பயிற்சியாளர் பாவம் பார்க்காமல் சரியாக அங்கேதான் ஓர் இன்ஜினைப் பிடுங்குவார். மூக்கு செத்த இன்ஜின் பக்கம் பாயும். எதிர்க்கால் பெடலை மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். குறைந்தது 400 அடி ஏறும்வரை செத்த இன்ஜினை அணைக்கும் வேலையில் இறங்கக்கூடாது. கை பரபரக்கும், தொடக்கூடாது. ஒருமுறை வெளியே வந்து படியிறங்கும்போது என் தொடை தானாக ஆடிக்கொண்டிருந்தது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பலக்குறைவு என்று ஆரம்பிக்காதீர்கள், கூட வந்த கேப்டனுக்கும் அதே கதைதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீடியோவின் கீழே அதிக லைக் வாங்கிய கமெண்ட் 'ஓட்டியது பொம்பளையா இருக்கும்' என்பது. பொம்பளையாகவே இருக்கட்டுமே, அதனால் என்ன? ரட்டர் பெடலை மிதிக்க 150 பவுண்டுக்கு மேல் விசை தேவைப்படக்கூடாது என்று விமானத்துக்குச் சான்று தரும்போதே விதி இருக்கிறது. பெரிய ஜெட்களில் ஹைட்ராலிக்கும் துணைக்கு உண்டு. சிமுலேட்டர் யாருக்கும் சலுகை தருவதில்லை. தேறினால் சீட், இல்லையென்றால் வீடு. இதை எத்தனை முறை விளக்குவது? ஆண் விமானி நிறுத்தினால் 'சாமர்த்தியம்', பெண் நிறுத்தினால் 'பயந்துட்டா'.

வெளியாட்கள் சொன்னால்கூடத் தாண்டிப் போயிருப்பேன். குடும்ப குரூப்பில் சித்தப்பா அதே வீடியோவைப் போட்டு, 'பாப்பா, இது உன் வேலையா?' என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள், என் அண்ணன் உட்பட.

இல்லை சித்தப்பா, அது நான் இல்லை. நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். அங்கே பதில் போடவில்லை, இங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.