மலையேறிய டீசலைத் திருட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்

மறுபடியும் அதே வம்பு. லோடு இறக்கிவிட்டு வந்த டிரைவரின் பேட்டாவில் ஐந்து லிட்டர் டீசல் காசைப் பிடித்தாகிவிட்டது. வண்டி லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுக்க வேண்டுமாம், ஒன்பது சொச்சம்தான் கொடுத்ததாம். நாலு பேர் நிற்கும்போதே "மீதி எங்கப்பா போச்சு?" என்று ஓனரின் கேள்வி. எங்கே போச்சா? பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவில், மலை ஏற்றத்தில் போச்சு!

அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன், ஊட்டியில் பிக்கப் ஓட்டுகிற எல்லோருக்கும் இது மனப்பாடம்தான்.

"ஏம்ப்பா, ஷோரூம்ல பதினாலுன்னு சொல்லித்தான குடுத்தாங்க. உன் கையில மட்டும் ஏன் ஒம்பது?"

"ஏத்தத்துல உர மூட்டைங்கண்ணா. குன்னூர்ல வேற ஒரே ட்ராஃபிக்..."

"ஏத்தம் இருந்தா இறக்கமும் இருந்துச்சில்ல? ரெண்டும் சரியாப் போச்சு. இறக்கத்துல எவனாச்சும் டீசல் எரிப்பானா? நியூட்ரல்ல போட்டு ஆஃப் பண்ணி விட வேண்டியதுதான?"

மூன்றே வாக்கியம். மூன்றும் தப்பு. மூன்றாவது, ஆளைக் கொல்லும் தப்பு.

முதலில் அந்தப் பதினாலு. அது சோதனைக்கூடத்தில் உருளை மேல் வண்டியை ஏற்றி, வரையறுத்த வேகத்தில் ஓட்டி எடுக்கிற எண். அந்த உருளையில் கொண்டை ஊசி வளைவு கிடையாது, எதிரே பஸ் வந்து நிற்காது, குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடத்தில் நிற்பது போல வரிசை கட்டாது. இரண்டு மாடல் வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். டிரைவரின் சம்பளத்தில் கை வைக்க உதவாது.

இரண்டாவது, "ஏத்தமும் இறக்கமும் சரியாப் போச்சு". இதைத்தான் கேட்கவே முடியவில்லை. கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். இடையில் 1,900 மீட்டர் உயரம். ஒரு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க 18.6 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். மேடேறும் இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தரும், மீதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போய்விடும். ஆக லிட்டருக்கு 12 மெகாஜூல். டன்னுக்கு ஒன்றரை லிட்டர், வெறும் தூக்குகூலி. வண்டி, டிரைவர், உர மூட்டை எல்லாம் சேர்ந்து மூன்று டன் என்றால் நாலரை லிட்டர், தூக்குவதற்கு மட்டுமே. டயர் உருள, காற்றைத் தள்ள, ட்ராஃபிக்கில் நிற்க, இதெல்லாம் தனி. லோடோடு மேலே வரும் பிக்கப் ஏழு, எட்டு கொடுத்தால் அது நல்ல வண்டி, ஓட்டியவர் நல்ல டிரைவர்.

அந்த நாலரை லிட்டர் இறங்கும்போது திரும்பி வருமா? தரையில் ஒரு பாலம் ஏறி இறங்கினால் கொஞ்சம் வரும், இறங்குகிற வேகத்தில் அடுத்த அரை கிலோமீட்டர் ஓடிவிடலாம். மலைப்பாதையில் அந்த வேகத்தை வைத்துக்கொள்ளவே முடியாது. வளைவுக்கு வளைவு அதைப் பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாக்கித் தொலைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் கிடக்க வேண்டியதுதான். இறக்கத்தில் மிச்சமாவது, அந்தத் தூரத்தைத் தரையில் ஓட்டியிருந்தால் ஆகியிருக்கும் டீசல் மட்டும். தூக்கியது தூக்கியதுதான், போனது போனதுதான்.

இனி அந்த டிரிப்பையே பாருங்கள். ஊட்டி பங்க்கில் டேங்க் நிரப்பி, கேத்தி பாலாடாவில் கேரட் ஏற்றி, கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் மண்டி, அங்கிருந்து உரம் ஏற்றிக் குன்னூர் வழியாகத் திரும்பி, மறுபடி டேங்க். மீட்டரில் 138 கிலோமீட்டர், பில்லில் 15 லிட்டர். 9.2 என்று போனில் கால்குலேட்டரைத் தட்டி முகத்துக்கு நேரே காட்டினார்கள். பதினாலு கொடுத்திருந்தால் பத்து லிட்டர்கூட ஆகாது, ஆகவே ஐந்து லிட்டர் களவு. தீர்ப்பு எழுதியாயிற்று.

அந்த 15 லிட்டரே சரியா என்று யாராவது கேட்டார்களா? போகும்போது நாசில் முதல் "டக்" சத்தத்தில் நின்றது. வந்தபோது பங்க்கில் இருந்த தம்பி நுரை அடங்க அடங்கக் கழுத்து வரை ஊற்றினார். இதிலேயே இரண்டு, மூன்று லிட்டர் மாறிவிடும். மலை பங்க் பல இடங்களில் சரிவாக இருக்கும். வண்டி மூக்கு மேலே பார்க்க நின்றால் ஒரு அளவு, கீழே பார்க்க நின்றால் வேறு அளவு. அறுபது லிட்டர் டேங்க்கில் பதினைந்து லிட்டர் ஊற்றி மைலேஜ் பார்ப்பதே தப்பு, இந்தப் பிழை முழுவதும் அந்தப் பதினைந்தின் தலையில் விழும். ஒரே பங்க், ஒரே பம்ப், ஒரே திசையில் வண்டி, முதல் சத்தத்தில் நிறுத்தம். இப்படிக் குறைந்தது மூன்று, நாலு நிரப்பலைக் கூட்டி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஏற்றத்தில் என்ன லோடு, இறக்கத்தில் என்ன லோடு என்று நோட்டில் பக்கத்திலேயே எழுத வேண்டும். கேரட்டோடு இறங்கி எம்ப்டியாக ஏறுகிற டிரிப்பும், கேரட்டோடு இறங்கி உரத்தோடு ஏறுகிற டிரிப்பும் ஒரே டிரிப் அல்ல. அந்த ஒன்றேகால் டன் உரத்தை மேலே தூக்கவே இரண்டு லிட்டர் போகும். வாடகை வாங்கும்போது ரிட்டர்ன் லோடு ஞாபகம் வருகிறது, டீசல் கணக்கில் மட்டும் ஏன் மறந்து போகிறது?

டயர் சைஸ் மாற்றியிருந்தால் ஓடோமீட்டரே பொய் சொல்லும். அதையும் யாரும் பார்க்கவில்லை. கேரட் கழுவி மூட்டை வரும் வரை இன்ஜினை ஓடவிட்டு நிற்கச் சொன்னது யார்? ஐடிலில் நிற்கிற இரண்டரை லிட்டர் இன்ஜின் மணிக்கு முக்கால் லிட்டர் வரை குடிக்கும்.

இப்போது மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். நியூட்ரலில் போட்டு ஆஃப் பண்ணு! இதைச் சொன்ன வாயை என்ன செய்வது?

கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், இப்போதைய காமன் ரெயில் டீசல் வண்டியில் இசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மூடிவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, டீசல் சொட்டுகூட இறங்காது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியிலும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இதையேதான் செய்கிறது. நியூட்ரலில் போட்டால் சக்கரம் இன்ஜினைச் சுற்றாது, அணையாமல் இருக்க இன்ஜின் டீசல் குடித்தாக வேண்டும். ஆகவே இறக்கத்தில் நியூட்ரல் டீசலை மிச்சப்படுத்தாது, கூடத்தான் செலவழிக்கும். கையில் ஸ்டியரிங் பிடித்த எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டாமா?

இன்ஜினையே ஆஃப் செய்தால்? மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுப்பது இன்ஜின் சுற்றுகிற பம்ப். இன்ஜின் நின்றதும் பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு, மூன்று மிதிக்குத்தான். அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி. பவர் ஸ்டியரிங்கும் போய்விடும், மூன்று டன் வண்டியை வளைவில் வெறும் கையால் திருப்ப வேண்டும். பதற்றத்தில் சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

சூடு இன்னும் மோசம். மூன்று டன் 1,900 மீட்டர் இறங்கும்போது வெளியேறும் ஆற்றலில் டயருக்கும் காற்றுக்கும் போனது போக மிச்சமே நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். இரண்டாவது கியரில் வந்தால் அதில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் அத்தனையும் நாலு சக்கரத்தின் பிரேக் தலையில். லைனிங் பளபளத்துப் பிடிப்பு விட்டுப்போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. பெடலை மிதித்தால் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றுங்கள் என்றால், "நல்லாத்தான இருக்கு" என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார்கள். ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அதே கியர். மலைப்பாதை நெடுக போர்டு வைத்திருக்கிறார்களே, சும்மாவா?

ஓனருக்கும் டியூ இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, டீசல் விலை கழுத்தை நெரிக்கிறது. எல்லாம் சரி. உண்மையாகவே டீசல் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். மலை வண்டியில் முதலில் மைலேஜைத் தின்பது பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக். பிரேக்கை அதிகம் தொடாமல் சமதளத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கர ஹப்பின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் தகித்தால் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் ஆணி துருப்பிடித்திருக்கும், அல்லது பின் சக்கர டிரம்மில் அட்ஜஸ்ட்மென்ட் இறுக்கமாக இருக்கும், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் திரும்பாமல் நிற்கும். ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால் உடனே தெரிந்துவிடும்.

மேட்டில் கரும்புகை, இழுவை இல்லை என்றால் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில் இருந்து அதைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைப் பாருங்கள். கிளாம்ப் அருகே எண்ணெய்க் கசிவோ விரிசலோ இருக்கும். ஊட்டி உயரத்தில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது, அதையும் ஹோஸில் ஒழுகவிட்டால் டீசல் அரைகுறையாக எரிந்து புகையாகத்தான் போகும். டயர் காற்றைக் காலைக் குளிரில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையம் வெயிலில் ஓடிச் சூடான டயரில் 50 என்று வைத்துவிட்டு வந்தால் ஊட்டிக் காலையில் 50 இருக்காது. பத்து டிகிரி இறங்கினால் இரண்டு பிஎஸ்ஐ போகும்.

பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த வண்டி என்றால் டிபிஎஃப், அதாவது சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வேறு. மேட்டில் மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தால் கரி சேரும். அதை எரிக்க வண்டி தானாகக் கூடுதல் டீசல் ஊற்றும், பாதியில் ஆஃப் செய்தால் மறுபடி முதலில் இருந்து ஊற்றும். விளக்கு எரிந்தால் அவிநாசி ரோட்டில் இருபது நிமிடம் சீராக ஓட்ட விடுங்கள், அது தானே சுத்தமாகும். டீசல் குழாயில் காந்தம் மாட்டுவதும், டேங்க்கில் மருந்து ஊற்றுவதும் காசைக் கரியாக்கும் வேலை.

கோயம்பேடு லோடுக்கும் இதே அநியாயம். சேலம் தாண்டி எண்பதில் விரட்டச் சொல்லுவார்கள், விடியும் முன் சரக்கு இறங்க வேண்டும். அறுபதில் இருந்து எண்பதுக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு முக்கால் மடங்குக்கு மேல் கூடும். கேபினுக்கு மேல் இரண்டடி மூட்டை அடுக்கி, தார்ப்பாயைத் தளர்வாகக் கட்டிப் படபடவென்று அடிக்க விட்டால் இன்னும் மோசம். நேரமும் வேண்டும், மைலேஜும் வேண்டும், ஓவர்லோடும் வேண்டும். மூன்றும் ஒரே வண்டியில் நடக்காதுங்க. நடக்கவே நடக்காது.

இன்னொன்று, இதற்கும் டீசலுக்கும் சம்பந்தமில்லை. அதே பிக்கப்பில்தான் நடு ராத்திரியில் கேரட் அறுவடைக்குப் பெண்களைப் பின்னால் நிற்க வைத்துக் கொண்டுபோகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, பனியில் தளம் வழுக்கும், தலையில் கட்டிய விளக்கைத் தவிர வெளிச்சம் இல்லை. ஐந்து லிட்டர் டீசலுக்கு நோட்டைப் புரட்டுகிறவர்கள், அந்தப் பெண்களுக்கு ஒரு வேனை வாடகைக்கு எடுக்க எத்தனை ரூபாய் ஆகும் என்று அதே நோட்டில் ஒரு நாளாவது எழுதியிருக்கிறார்களா?