அந்தக் கொலை திடீரென்று வரவில்லை

“ழான் தீல்மன் படத்தில் மூன்று மணி நேரம் எதுவுமே நடக்காது, ஆளை உலுக்குவதற்காகக் கடைசியில் ஒரு கொலையைச் செருகிவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியல்ல.

பெல்ஜிய இயக்குநர் ஷாண்டல் ஆக்கர்மான் 1975இல் எடுத்த அந்தப் படம், வீட்டிலேயே பாலியல் தொழில் செய்து பிழைக்கும் ழான் தீல்மன் என்ற விதவைத் தாயின் மூன்று நாட்கள். முதல் நாள் அவளுடைய ஒவ்வொரு அசைவும் கணக்காக இருக்கும். அறையைவிட்டு வெளியே வந்தால் விளக்கை அணைப்பாள். வாடிக்கையாளர் தந்த பணத்தை மேஜைமேல் இருக்கும் பீங்கான் பாத்திரத்தில் போட்டு மூடுவாள். இரண்டாம் நாள் அந்தப் பாத்திரத்தை மூட மறக்கிறாள், தலைமுடி கலைந்திருக்கிறது, உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டியோடு அங்குமிங்கும் நடப்பாளே, எனக்கு அங்கேயே பயம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் சீக்கிரமே எழுந்துவிட்டு, செய்ய வேலையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம்தான் அன்று வந்த வாடிக்கையாளரைக் கொல்கிறாள்.

இதுதான் கதாபாத்திர வளர்ச்சி. வசனத்தில் சொல்லாமல் கைகளின் வேலையில் ஆக்கர்மான் சொல்லியிருக்கிறார்.

அதிர்ச்சியை மட்டும் நம்பும் கலைப்படங்கள் இருக்கின்றன, சரி. அதற்கு இந்தப் படத்தை உதாரணம் காட்டாதீர்கள். சமையலறைக் காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்த்தால் அந்தக் கொலை திடீரென்று வந்ததாகத்தான் தெரியும்.