பழைய ரயில்வே விளம்பரம் வைத்திருக்கும் கொங்குக்காரர்களுக்கு

போத்தனூருக்கு ரயில் வந்தது 1862இல். கோவைக்கே 1873இல்தான். அவ்வளவு பழைய ரயில் ஊர்கள் நம்முடையவை. ஆனால் அந்த ரயிலை நம்பி யார் எதை விற்றார்கள் என்று காட்டும் போஸ்டரையும் கால அட்டவணையையும் இனாமல் பூசிய தகர விளம்பரப் பலகையையும் எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். தேடிச் சேர்த்து வைத்திருப்பவர்களோ படம் எடுத்து, ஓரத்தை வெட்டி, தங்கள் பெயரைக் குறுக்கே பதித்துப் பகிர்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

அந்த ஓரத்தில்தான் விஷயமே இருக்கிறது. அச்சிட்டவர் பெயரும் ஊரும் போட வேண்டும் என்று 1867இலேயே சட்டம் வந்துவிட்டது. அடியில் பொடி எழுத்தில் அச்சகம் இருக்கும், சில சமயம் வருஷமும் எத்தனை பிரதி என்பதும் இருக்கும். அதை வெட்டினால் எந்த ஊர், எந்தக் காலம் என்று பிறகு யார் சொல்வது?

போத்தனூரில் ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர் அட்டை கிழிந்த கால அட்டவணை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இத வெச்சு என்ன கண்ணு பண்ணப்போற? எடைக்குப் போட்டரலாம்னு இருந்தேன்" என்றார். ஈரோடு வண்டி நேரத்துக்கு எதிர்ப்பக்கம் மோட்டார் பம்பு விளம்பரம். கிணற்று மேட்டில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், குழாயில் கொட்டும் தண்ணீர். அதற்குக் கீழே 'ஸ்டேஷனுக்கு எதிரில்' என்று ஒரு லாட்ஜ். போன் நம்பர் மூன்றே இலக்கம்! 1932இல் நீலகிரிப் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்து மில்லும் பம்பும் பெருகியதைப் படித்திருக்கிறோம். அந்தப் பம்பை ஒரு விவசாயியிடம் என்ன சொல்லி விற்றார்கள் என்பது இந்த மாதிரிப் பக்கத்தில்தான் கிடைக்கும். ஊட்டி மலை ரயில் படத்துக்கு ஆயிரம் பேர் விருப்பம் போடுகிறார்கள், சரி. எனக்கு இந்தப் பம்பு அதைவிடப் பெரிது.

கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்புதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. அவர் பீரோவிலேயே இருந்திருந்தால் இன்று நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

உரிமைச் சிக்கல் வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு: அரசு வெளியீட்டுக்குக் காப்புரிமை 60 வருஷம். 1951இல் உருவான தெற்கு ரயில்வே தானே 1960க்கு முன் வெளியிட்ட போஸ்டரைத் தாராளமாகப் பகிரலாம்.

அப்புறம், தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள், பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை காகிதத்தைக் கறையாக்கிவிடும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள், எந்த ஊரில் யார் வழியாகக் கிடைத்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஈரோடு, போத்தனூர், மேட்டுப்பாளையம் பக்கம் ரயில்வே குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால் பரண்மேல் ஒருமுறை பாருங்கள். ஸ்கேனரை நானே எடுத்து வருகிறேன், அசல் உங்களிடமே இருக்கட்டும்.